பூசை ரூம்ல நிக்காத மனசு பீர்க்கம்பந்தலுக்கு அடில நிக்குதுங்க, இது தப்பா?

மாடிப்பந்தல் (வடவள்ளி, கோவை)

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரொம்ப நாளா இத எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சிட்டே இருந்தேன், செடி சம்பந்தமா கேக்கறதுக்குதான் இங்க வருவேன், இது செடி சம்பந்தமான்னும் தெரியல சாமி சம்பந்தமான்னும் தெரியல.

எனக்கு 54 வயசு. கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து காலைல குளிச்சு வெளக்கு வெச்சு கவசம் சொல்லாம ஒரு வாய் காப்பி குடிச்சதில்ல. ஆனா உண்மையச் சொல்லோணும்னா, வாய் பாட்டுக்கு சொல்லிட்டு இருக்கும், மனசு கேஸ் புக் பண்ணலியே, பையன் போன் பண்ணலியேன்னு ஊரச் சுத்தீட்டு வரும். முப்பது வருசமா இப்படித்தான். நான் இத யாருகிட்டயும் சொன்னதில்ல.

மூணு வருசத்துக்கு முன்னால மொட்டை மாடில குரோ பேக் வெச்சேன். தக்காளி, கத்திரி, கொஞ்சம் கீரை, ஒரு ஓரமா சவுக்குக் கம்பு நட்டு கயிறு கட்டி பீர்க்கம்பந்தல். பீர்க்கன் பூ உங்களுக்கு தெரியுமல்லங்க, பொழுதோடதான் விரியும். பூசணி மாதிரி வெடியால இல்ல. அஞ்சு, அஞ்சரைக்கு மேல மொட்டு மெதுவா அவுந்து மஞ்சளா நிக்கும். எங்க மாடி ரெண்டாவது மாடிக்கு மேல, அத்தன ஒசரத்துக்கு வண்டு பெருசா வர்றதில்ல, அதனால பிஞ்சு பிஞ்சா பழுத்து கொட்டீட்டே இருந்துச்சு. இங்கதான் யாரோ கையால மகரந்தம் தொடச்சு வுடுங்கன்னு சொல்லிக் குடுத்தீங்க. ஆம்பளப் பூ கொத்துக் கொத்தா வரும், பொம்பளப் பூ ஒத்தையா, அடில சுண்டுவெரல் நீளத்துக்கு பிஞ்சோட வரும். ஆம்பளப் பூ ஒண்ணப் பறிச்சு இதழ உரிச்சுட்டு பொம்பளப் பூ நடுவுல மெதுவா ஒத்தி எடுக்கோணும்.

மொத நாள் அப்படி ஒத்தறப்ப கை நடுங்குச்சுங்க. மஞ்சத்தூளு வெரல்ல ஒட்டியிருக்குது, கீழ பஸ் ஹாரன் அடிக்குது, பக்கத்து ஊட்டு டீவி சத்தம் கேக்குது, மருதமல மேல வெளக்கு எரிய ஆரம்பிக்குது, எனக்கு எதுவுமே மனசுல இல்ல. ஒண்ணுமே இல்ல. அந்தப் பூ மட்டுந்தான். எத்தன நேரம் நின்னேன்னு தெரியல, கீழ எறங்கி வந்தப்பறந்தான் தெரிஞ்சுது, முப்பது வருசமா பூசை ரூம்ல எதத் தேடினேனோ அது அங்க இருந்துச்சுன்னு.

அதுக்கப்பறம் காலைப் பூசையக் கொறச்சுட்டேன். வெளக்கு மட்டும் வெச்சுட்டு மாடிக்கு போயிருவேன். என்ற மாமியா (82 வயசு, நல்ல மனுசி, எனக்கு அம்மா மாதிரி) ரெண்டு நாளா பேசறதில்ல. “சாமியப் பட்டினி போட்டுட்டு மண்ணக் கெளறிட்டு இருக்கறயே அம்முணி”ன்னு சொல்லிட்டாங்க. அந்த வார்த்தை உறுத்தீட்டே இருக்குது. நான் செய்யறது பக்தியா, இல்ல எனக்குப் புடிச்சதுக்கு பக்தின்னு பேரு வெச்சுக்கறனா? உங்களுக்கு இப்படி யாருக்காச்சும் இருந்திருக்குதா?

நொய்யக்கரை

அக்கா, நீங்க வடவள்ளில இருந்துட்டு இத கேக்கறீங்களே, பக்கத்துலயே பேரூர் இருக்குது. ஆனி மாசம் பட்டீசுவரர் கோயில் நாத்து நடவு நோம்பி பாத்திருக்கீங்களா? சுந்தரர் பொன்னு கேட்டு வர்றாருன்னு தெரிஞ்சதும் சிவனும் அம்மனும் குடியானவங்க வேசம் போட்டுட்டு வயல்ல எறங்கி நாத்து நட்டுட்டு இருந்தாங்களாம். நந்திகிட்ட நான் எங்க இருக்கேன்னு சொல்லிராதேன்னு சொல்லிட்டு போனாரு, நந்தி வாயால சொல்லாம கண்ணால காட்டிக் குடுத்துருச்சு. சுந்தரர் போய்ப் பாத்தா கோயில்ல இல்லாத சாமி முழங்கால் சேத்துல நிக்குது. எங்க அப்பாரு இந்தக் கதைய சொல்றப்பெல்லாம், சாமி ஒளிஞ்சுக்க எத்தனையோ எடம் இருக்க சேத்துக்குள்ள ஏன் போச்சுன்னு கேப்பாரு, பதில் சொல்ல மாட்டாரு.

இன்னொண்ணு. அப்பர் சாமி சிலைய எந்தக் கோயில்ல பாத்தாலும் கைல என்ன இருக்குது? உழவாரம். நம்ம களைக்கொத்துக்கு அண்ணன் மாதிரி ஒரு சாமான். ஏழாம் நூத்தாண்டுல ஊர் ஊராப் போயி கோயில் பிராகாரத்துல மொளச்ச புல்லையும் முள்ளையும் செதுக்கினவரு அவரு. இன்னைக்கும் உழவாரப் பணின்னு பேரு வெச்சு ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கூட்டமா போய்ட்டுதான் இருக்கறோம். புல்லுச் செதுக்கறது சாமி காரியம்னா பூவுக்கு மகரந்தம் ஒத்தறது மட்டும் எப்படி வேற காரியமாகும்?

உங்க மாமியாகிட்ட இந்த ரெண்டையும் சொல்லிப் பாருங்கக்கா. வாதாடறதுக்கு இல்ல, பக்கத்துல குந்தி கதையாச் சொல்லுங்க.

வேம்பு 77

அக்கா அனுபவத்த அப்படியே ஒத்துக்கறேன், ஆனா எனக்கு ரொம்ப நாளா இருக்கற ஒரு கேள்விய இங்க வெக்கறேன். தோட்டம்னா கொல்லறதும் இருக்குது. அசுவினி அடிக்குது, மாவுப்பூச்சி அடிக்குது, வேப்பெண்ணெய் அடிக்கறோம், காய்ப்புழுவ நசுக்கறோம். நான் வேளாண்மை படிச்சவன், பூச்சிதான் என் பாடம், அதனால சும்மா தத்துவத்துக்குக் கேக்கல.

2008-ல இதே கோயமுத்தூர்லதான் நாட்டுலயே மொதத் தடவையா பப்பாளி மாவுப்பூச்சியக் கண்டுபுடிச்சாங்க. மத்திய அமெரிக்கா பக்கத்துப் பூச்சி. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, கொய்யா, செம்பருத்தி, ஒண்ணையும் வுடல, பஞ்சு ஒட்டின மாதிரி தோட்டம் தோட்டமா வெளுத்துப் போச்சு. மருந்து அடிக்க அடிக்க எச்சாச்சு, ஏன்னா மெழுகு மாதிரி மேல ஒரு பூச்சு இருக்கறதுனால மருந்து உள்ள எறங்கறதில்ல, அடிச்ச மருந்துல நல்ல பூச்சிதான் செத்துச்சு. கடசீல 2010-ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து ஒட்டுண்ணிக் குளவி கொண்டாந்து வுட்டாங்க. கொசுவ விடச் சின்னது, கண்ணுக்கே சரியாத் தெரியாது. மாவுப்பூச்சி ஒடம்புக்குள்ள முட்டை வெச்சு உள்ள இருந்தே தின்னு வெளிய வரும். கொஞ்ச நாள்ல எல்லாம் அடங்கிருச்சு.

நான் அந்தக் குளவிய லென்ஸ்ல பாத்திருக்கேன். பாத்துட்டு நான் கும்பிட்டது நெசம். ஆனா எதக் கும்பிட்டேன்? ஒண்ணு ஒண்ண உள்ள இருந்து திங்கறதையா? பூ விரியறத மட்டும் சாமின்னு சொல்லிட்டு இத வுட்டுட்டா அது பாதி சாமிதான். தோட்டம் மனசுக்கு அமைதி குடுக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு அது குடுக்கறது அமைதி இல்ல, ஒரு பயம் கலந்த மரியாதை. அதுவும் பக்திதான்னு நெனைக்கறேன்.

தொட்டிக்கத்திரி

வேம்பு அண்ணா நடுவுல கேக்கறதுக்கு மன்னிச்சுக்கோங்க, என் செம்பருத்தில இப்ப மாவுப்பூச்சிதான், வேப்பெண்ணெய் எவ்வளவு போடோணும்?

வேம்பு 77

லிட்டருக்கு 5 மில்லி, கூட கொஞ்சம் சோப்புக் கரைசல், இல்லீன்னா எண்ணெய் தண்ணில கலக்காது. பொழுதோட அடிங்க, வெயில்ல அடிச்சா இலை கருகும். அதுக்கு முன்னால மொத வேலையா குழாய்த் தண்ணிய வேகமாப் பீச்சி அடிச்சு வுடுங்க, பாதி போயிரும். எறும்பு ஏறாமப் பாருங்க, அதுதான் தூக்கீட்டுப் போய் பரப்பும். பொறிவண்டு இருந்தா அடிக்காதீங்க, அது வேலைய அது பாக்கட்டும்.

களைக்கொத்து (மூலனூர், இப்ப திருப்பூர்)

நான் சொல்றது யாருக்கும் புடிக்காமப் போகலாம், இருந்தாலும் சொல்லோணும்.

எங்கம்மா இருவத்தஞ்சு வருசமா கூலிக்கு போகுது. மூலனூர் பக்கம் கண்வலிக்கெழங்குக் காடு அதிகம், செங்காந்தள்னு பாட்டுல வருமே அதேதான், அரசாங்கத்து மாநிலப் பூ. மருந்துக் கம்பெனிக்கு வெதை போகுது, கொல்கிசின்னு ஒரு சரக்கு அதுல இருக்குது, கெழங்குலயும் வெதையிலயும் வெசம். அந்தப் பூவுக்கும் மகரந்தம் கையாலதான் ஒத்தோணும். வெடியால வெயில் ஏறறதுக்குள்ள. பந்தல் மாதிரி கம்பி கட்டியிருப்பாங்க, கொடி இடுப்பு ஒசரத்துல படந்திருக்கும், குனிஞ்சும் நிக்க முடியாது நிமுந்தும் நிக்க முடியாது, அரைக்குனிச்சல்ல நின்னு ஒரு பூ, அடுத்த பூ, அடுத்த பூ, வரிசை முடிஞ்சா அடுத்த வரிசை. மாடிப்பந்தல் அக்கா, நீங்க ஒரு பூவத் தொட்டப்ப கை நடுங்குச்சுன்னு எழுதியிருக்கீங்க. எங்கம்மா ஒரு வெடியக்காலத்துல எத்தன பூவத் தொட்டுச்சுன்னு எண்ணினது கெடையாது. ஊட்டுக்கு வந்தா இடுப்புல தைலம் தேச்சுவுடுன்னு என்கிட்ட கேக்கும். அது சாமியக் கண்டேன்னு ஒரு நாளும் சொன்னதில்ல.

உங்க அனுபவம் பொய்னு நான் சொல்லல. அது உங்களுக்கு நெசமா நடந்திருக்குதுன்னு படிக்கறப்பவே தெரியுது. ஆனா தோட்ட வேலையே தவம், மண்ணுல எறங்கினா மோட்சம்னு பொதுவாப் பேசறப்ப எனக்கு நெஞ்சு எரியுது. வேணும்னு செய்யறவங்களுக்கு அது தவம். வேற வழியில்லாம செய்யறவங்களுக்கு அது வேலை. நொய்யக்கரை அண்ணன் சொன்ன கதைல கூட சிவன் வேசந்தான் போட்டாரு, அடுத்த நாள் கூலிக்கு போகோணும்னு அவருக்கு இல்ல.

நொய்யக்கரை

தம்பி, நீங்க சொன்னதுக்கு என்கிட்ட பதில் இல்ல. இத்தன வருசம் அந்தக் கதையச் சொல்றேன், இந்தப் பக்கத்துல இருந்து பாத்ததே இல்ல.

பள்ளபட்டி முருங்கை

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். களைக்கொத்து தம்பி சொன்னது மனசுல தங்கிருச்சு. எங்க பக்கம் அரவக்குறிச்சி, பள்ளபட்டி எல்லாம் முருங்கைக் காடுதான், எங்க அத்தாவும் காட்டுலயே கெடந்தவங்க. அவங்க ரெண்டு ஹதீஸ (நபிகள் சொன்ன வாக்கு) அடிக்கடி சொல்லுவாங்க. ஒருத்தர் மரம் நட்டு அதுல இருந்து பறவையோ மனுசனோ மிருகமோ தின்னா அது அத்தனையும் நட்டவருக்கு தர்மமா எழுதப்படும்ங்கறது ஒண்ணு. கைல ஒரு கன்னு இருக்கறப்ப உலக முடிவு நாளே வந்துட்டாலும், நட முடிஞ்சா நட்டுருங்கங்கறது இன்னொண்ணு.

ரெண்டாவது எனக்கு சின்ன வயசுல புரியவே புரியாது. உலகமே முடியப் போகுது, கன்னு மொளச்சு யாருக்கு காய்க்கப் போகுதுன்னு கேப்பேன். அத்தா சொல்லுவாங்க, “காய்க்கறது ஒன் கணக்குல இல்ல”. தம்பி, உங்கம்மா தொட்ட பூவுல இருந்து யாருக்கோ மருந்து போயிருக்கு. கூலி அவங்களுக்கு கம்மியா வந்திருக்கலாம், அந்தக் கணக்கு இங்க தீராது, கூலி சரியாக் குடுக்கோணும்ங்கறது வேற கடமை, அதையும் மார்க்கம் கண்டிப்பாத்தான் சொல்லுது, வேர்வை காயறதுக்குள்ள கூலியக் குடுன்னு. ஆனா அவங்க செஞ்சது வெறும் வேலைன்னு மட்டும் நாம முடிவு பண்ணீர வேண்டாம்னு தோணுது. அவங்களக் கேட்டிருக்கீங்களா?

ஆழியாத்துக்காரன் (பொள்ளாச்சி)

எனக்கு டைப் பண்ண வராது, பேத்தி அடிச்சுக் குடுக்கறா.

2016-ல ஐப்பசி மழை பொய்ச்சது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அடுத்த கோடைல என்ற தோப்புல எழுவது தென்னை காஞ்சுது. என்ற அப்பன் வெச்ச மரம். டேங்கர்ல தண்ணி வாங்கி ஊத்துனேன், கெணறு வத்தி போர் போட்டு அதுலயும் தண்ணியில்ல. மட்டை ஒவ்வொண்ணாத் தொங்கி கடசீல குருத்தும் சாஞ்சு மரம் மொட்டையா நிக்கும் பாருங்க, அது பொணம் நிக்கற மாதிரி. தெனமும் வெடியால போய் ஒவ்வொரு மரத்தையும் தொட்டுப் பாத்துட்டு வருவேன். அந்த வருசம் நான் எந்தக் கோயிலுக்கும் போகல. கோவம்.

செத்துப்போச்சுன்னு தெரிஞ்சே பதினோரு மரத்துக்கு ரெண்டு மாசம் தண்ணி ஊத்துனேன். ஊட்டுல பைத்தியமான்னு கேட்டாங்க. ஏன் ஊத்துனேன்னு எனக்கு இன்னைக்கும் சொல்லத் தெரியல. பொறவு 2018-ல மழை வந்துச்சு, புதுசா நெட்டை ரகக் கன்னு வெச்சேன், இப்பத்தான் பாளை தள்ளி காய் வருது. சந்தோசந்தான். ஆனா மாடிப்பந்தல் அம்முணி, நீ கேட்டதுக்கு என்ற பதில், காய்க்கறப்ப வர்ற பக்தி ஈஸி. காயற மரத்துக்கு தண்ணி ஊத்தறப்ப எனக்கு என்ன இருந்துச்சோ அதுக்கு என்ன பேருன்னு யாராச்சும் சொல்லுங்க.

கம்பத்தடி (ஈரோடு)

அப்புச்சி வயசுக்காரரு கேட்டுட்டாரு, எனக்குத் தெரிஞ்சத சொல்றேனுங்க.

எங்க ஊர்ல இப்ப பெரிய மாரியம்மன் கோயில் பங்குனி நோம்பி நடந்துட்டு இருக்குது. பூச்சாட்டி, கம்பம் நட்டாச்சு. வெளியூர்க்காரங்களுக்காக சொல்றேன், கம்பம்னா மூணு கவுடு இருக்கற மரக்கொம்பு, பால் வடியற மரத்துல வெட்டி கோயிலுக்கு முன்னால நடுவாங்க. அம்மனுக்கு அது புருசன். நட்ட நாள்ல இருந்து புடுங்கற நாள் வரைக்கும் பொம்பளைங்க எல்லாம் வெடியக்காலம் மூணு மணி நாலு மணிக்கே ஈரத்துணியோட மஞ்சத்தண்ணி, வேப்பிலை எடுத்துட்டுப் போய் ஊத்துவோம். குடம் குடமா, ஆயிரக்கணக்குல சனம், தெரு பூரா தண்ணி ஓடும், காலுல வேப்பிலை ஒட்டும்.

நான் எட்டு வயசுல இருந்து ஊத்தறேன். என்ற அம்மாயி கைப்புடிச்சு கூட்டிட்டு போகும். ஒருக்கா கேட்டேன், “அம்மாயி இது எப்ப தழையும்?”னு. அம்மாயி ஒரு மாதிரி பாத்துட்டு “தழையாது கண்ணு, வேரில்லாத கொம்பு”ன்னுச்சு. அப்பறம் எதுக்கு ஊத்தறோம்னா, “ஊத்தறதுக்குத்தான் ஊத்தறோம். அவ சூடு தணியோணும்”. நோம்பி முடிஞ்சதும் கம்பத்தப் புடுங்கிக் கொண்டுபோய் தண்ணில வுட்டுருவாங்க. ஊரே தண்ணி ஊத்தி வளத்த கொம்பு, ஒரு இலை வுடாது, ஒரு காய் காய்க்காது, போயிரும். அடுத்த வருசம் வேற கொம்பு.

அப்புச்சி, நீங்க அந்தப் பதினோரு மரத்துக்கு ஊத்துனது கம்பத்துக்கு ஊத்துனதுங்க. எனக்கு அப்படித்தான் தோணுது.

மாடிப்பந்தல் அக்கா, நேத்து வெடியால ஊத்தப் போனப்ப உங்க இழைதான் ஞாபகம். நானும் தோட்டம் வெச்சிருக்கேன். தொட்டிக்கு தண்ணி ஊத்தறப்ப மனசு காய எண்ணும், கம்பத்துக்கு ஊத்தறப்ப எண்ணறதுக்கு ஒண்ணுமில்ல. பூசை ரூம்ல உங்களுக்கு மனசு நிக்காததும், பீர்க்கம்பூவுல நின்னதும், அந்த நிமிசம் நீங்க காய எண்ணாம பூவ மட்டும் பாத்ததுனாலன்னு நெனைக்கறேன். மூணு மாசம் கழிச்சு பழகிப்போனா அங்கயும் கேஸ் புக் பண்றது ஞாபகம் வரும், பாருங்க. வந்தா பயந்துக்காதீங்க.

ஆழியாத்துக்காரன்

பேத்தி படிச்சுக் காட்டுனா. ரெண்டு தடவ படிக்கச் சொன்னேன். நல்லா இரு சாமி.

மாடிப்பந்தல்

நாலு நாளா இத தெனமும் படிக்கறேன், பதில் எழுத முடியல.

மொதல்ல களைக்கொத்து தம்பிக்கு. நீங்க எழுதினதப் படிச்சப்ப மொதல்ல வருத்தமா இருந்துச்சு, அப்பறம் வெக்கமா இருந்துச்சு, இப்ப ரெண்டும் இல்ல. எங்க ஆத்தாவும் காட்டுல களை வெட்டினவதான், நான் படிச்சு வேலைக்கு போய் அந்தக் கையோட காய்ப்பு எனக்கு வராம போச்சு. எனக்கு மாடில நிக்க நேரம் கெடச்சதே அவங்க குனிஞ்சதுனாலன்னு நெனச்சா, அந்தப் பூ முன்னால நான் மட்டும் தனியா நிக்கலன்னு தோணுது. இதுக்கு மேல எப்படிச் சொல்றதுன்னு தெரியலீங்க.

கம்பத்தடி சொன்னது பலிச்சிருச்சு. முந்தாநாள் பூ ஒத்தறப்ப ரேசன் கார்டு ஞாபகம் வந்துச்சு! மனசு ஒடிஞ்சு போச்சு ஒரு நிமிசம். அப்பறம் சரி ஊத்தறதுக்குத்தான் ஊத்தறோம்னு ஒத்தி முடிச்சுட்டு வந்தேன்.

மாமியாகிட்ட பேரூர்க் கதைய சொன்னேன். அவங்களுக்கு என்னை விட நல்லாத் தெரியும், சின்னப்புள்ளைல நடவு நோம்பி பாத்திருக்கறாங்களாம், எனக்குத்தான் இத்தன நாளா சொன்னதில்ல. கேட்டுட்டு ஒண்ணும் சொல்லல. நேத்து பொழுதோட முட்டி வலியோட ரெண்டு மாடி ஏறி வந்துட்டாங்க, படிக்கு படி நின்னு நின்னு. பந்தலுக்கு அடில ஸ்டூல் போட்டு குந்த வெச்சேன். பூ விரியற நேரம். அவங்க பாட்டுக்கு மெதுவா கவசம் சொல்ல ஆரம்பிச்சாங்க, நான் பூவ ஒத்தீட்டே கூடச் சொன்னேன். நடுவுல ஒரு வரி ரெண்டு பேருக்கும் மறந்து போச்சு, மொதல்ல இருந்து சொன்னோம்.

நாளைல இருந்து காலைப் பூசைய முழுசாப் பண்ணலாம்னு இருக்கேன். மனசு சுத்தினா சுத்தட்டும்.

களைக்கொத்து

அக்கா, ஞாயித்துக்கெழம ஊருக்கு போயிருந்தேன். பள்ளபட்டி அண்ணன் கேட்டீங்களான்னு கேட்டாரல்ல, அது மண்டைலயே இருந்துச்சு. இத்தன வருசத்துல ஒருக்காக் கூட அம்மாகிட்ட வேலை எப்படி இருக்குதுன்னு கேட்டிருக்கேன், கூலி குடுத்தாங்களான்னு கேட்டிருக்கேன், அந்த நேரத்துல மனசுல என்ன ஓடும்னு கேட்டதில்ல.

மொதல்ல “என்ன ஓடும், எப்படா பத்து மணி ஆகும்னு ஓடும்”னு சொல்லிச்சு. நான் எழுதினது சரின்னு நெனச்சேன். அப்பறம் சோறு போட்டுட்டு அதுவாவே சொல்லிச்சு. வரிசை தொடங்கறப்ப மொதப் பூவத் தொட்டு “புடிச்சுக்க சாமி”ன்னு ஒரு வார்த்தை சொல்லிக்குமாம். எல்லாப் பூவுக்கும் இல்ல, வரிசைக்கு ஒருக்கா. காய் புடிக்கலீன்னா தோட்டத்துக்காரர் பேச்சு வாங்கோணும்ங்கற பயத்துல ஆரம்பிச்சதாம். இப்ப பயமில்லீன்னாலும் சொல்லாம ஆரம்பிக்க கை வராதாம். அது பயமா பக்தியான்னு கேட்டேன். “ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதானடா”ன்னுட்டு தட்டக் கழுவப் போயிருச்சு.

நான் மொதல்ல எழுதினத அழிக்கல. கூலி விசயத்துல நான் சொன்னது நின்னுட்டுதான் இருக்குது. இதையும் சேத்து வெக்கறேன்.

அப்பறம் உங்க பந்தலப் பத்திச் சொன்னேன். பீர்க்கன்னதும் அம்மா கேட்டது, மொதக் காயப் பறிச்சுட்டாங்களா? பறிச்சிருந்தா பரவால்ல, அடுத்து நல்லா நீளமா வர்றத வெதைக்கு வுட்டுரச் சொல்லுச்சு. கொடிலயே நெத்தாக் காயோணும், ஆட்டினா உள்ள வெதை கலகலங்கோணும், அப்பறம் பறிச்சு ஒடைக்காம அப்படியே அடுப்படில கட்டித் தொங்கவுட்டா ஆடிப் பட்டத்துக்கு ஆகும். அம்மாகிட்ட பட்டை அவரை வெதை சாம்பல்ல பெரட்டி வெச்சது இருக்குது, எங்க ஆத்தா காலத்து வெதை. உங்களுக்குன்னு ரெண்டு கை எடுத்து பேப்பர்ல மடிச்சுக் குடுத்திருக்குது. கோயமுத்தூர் வர்ற வேலை அடுத்த வாரம் இருக்குது, எங்க வந்து குடுக்கட்டும்?

மாடிப்பந்தல்

வாங்க தம்பி, ஊட்டுக்கே வாங்க, அட்ரஸ் தனியா அனுப்பறேன். சாப்பிட்டுட்டுதான் போகோணும். மொதக் காய் பறிக்கலீங்க, கொடிலயே இருக்குது, மாமியா அதுல செகப்புத் துணி கட்டி வெச்சிருக்கறாங்க, யாரும் மறந்து பறிச்சரக் கூடாதுன்னு. உங்கம்மாவுக்கு அதுல பாதி வெதை.